ஸ்லாபில் இருக்கிற நாணயத்தை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பும் முன்

கிராஸ்ஓவர் பற்றி விரிவாக எழுதச் சொல்லி நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிரேடிங் நிறுவனம் ஏற்கெனவே தரம் பார்த்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்லாபுக்குள் சீல் வைத்துவிட்ட நாணயத்தை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்களுடைய ஸ்லாபுக்கு மாற்றிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். இங்கே அமெரிக்காவில் மோர்கன் டாலர் என்கிற பழைய வெள்ளி டாலர்களைச் சேர்க்கிறவர்களில் இந்த யோசனை வராதவர்கள் குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாணயங்களை இருக்கிற ஸ்லாபிலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. அனுப்பத் தகுந்தவை கொஞ்சம்தான் தேறும், அந்தக் கொஞ்சத்திலும் விண்ணப்பத்தாளில் 'குறைந்தபட்ச கிரேடு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நாம் இன்று பயன்படுத்தும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக மட்டும் உருவாக்கினார். பிறகு அது எல்லா நாணயங்களுக்கும் பரவிவிட்டது. பெரிய கிரேடிங் நிறுவனங்களில் ஒன்றான பி.சி.ஜி.எஸ். 1986இல் நாணயங்களைத் தரம் பார்க்கத் தொடங்கியது, அடுத்த வருடமே அதற்குப் போட்டியாக என்.ஜி.சி. வந்தது. பி.சி.ஜி.எஸ்.ஸின் தொடக்கத்தில் பங்கெடுத்த ஜான் அல்பனீஸ்தான் என்.ஜி.சி.யையும் தொடங்கினார். ஏற்கெனவே ஸ்லாபில் இருக்கிற நாணயத்தைச் சரிபார்த்து ஸ்லாபின் மேல் ஸ்டிக்கர் ஒட்டும் சி.ஏ.சி. என்ற நிறுவனத்தை 2007இல் கொண்டுவந்தவரும் அவரே, அந்த சி.ஏ.சி. 2023இல் தானே கிரேடிங் செய்யவும் இறங்கிவிட்டது. ஒரே ஆள் தொட்ட நிறுவனங்களுக்குள்ளேயே ஒரு நாணயத்துக்கு வேறு வேறு எண் விழுகிறது என்றால், கிரேடு என்பது எவ்வளவு தூரம் ஒரு மனிதரின் அபிப்பிராயம் என்று புரிந்துகொள்ளலாம். அனுபவமுள்ள கண்களின் அபிப்பிராயம், அதற்கு மதிப்பு உண்டு. ஆனாலும் தராசில் வைத்து எடை பார்த்த மாதிரி கிடையாது.

சரி, ஏன் மாற்றுகிறார்கள்? ரெஜிஸ்ட்ரி ஒரு காரணம், அதாவது யாருடைய செட் சிறந்தது என்று சேகரிப்பாளர்கள் பதிவு செய்து போட்டியிடும் பட்டியல். பி.சி.ஜி.எஸ். ரெஜிஸ்ட்ரியில் செட் போட வேண்டுமென்றால் எல்லா நாணயமும் பி.சி.ஜி.எஸ். ஸ்லாபில்தான் இருக்க வேண்டும், அதனால் அந்தப் போட்டியில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரி வரிசையாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அது நியாயமான ஆசை, அவரவர் காசு, அவரவர் சந்தோஷம். மூன்றாவது காரணம் பணம். இந்த நிறுவனத்தின் 65க்கு விலை கூட, அந்த நிறுவனத்தின் 65க்கு விலை கம்மி, அப்படியானால் மாற்றினால் லாபம்தானே என்ற கணக்கு. கணக்கு பெரும்பாலும் உதைப்பது இங்கேதான்.

1881-எஸ் மோர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தது என்று அர்த்தம், அச்சும் அருமை, பளபளப்பும் அருமை. பல பத்தாண்டுகள் அரசாங்கக் கருவூல மூட்டைகளிலேயே புழங்காமல் கிடந்து வெளியே வந்ததால் எம்.எஸ். (மின்ட் ஸ்டேட், அதாவது புழங்காத நிலை) 64, 65 எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. எந்த நல்ல நிறுவனத்தின் ஸ்லாபில் இருந்தாலும் விலை வித்தியாசம் சொற்பம். மாற்றப் போனால் தரம் பார்க்கும் கட்டணம், கையாளும் கட்டணம், போக வரத் தபால், இன்சூரன்ஸ் என்று வரிசையாக வரும். நாணயம் மாறாமல் அதே ஸ்லாபில் திரும்பி வந்தாலும் கட்டணம் கட்டணம்தான், திருப்பித் தர மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி யோசனைகள் தானாகக் கரைந்துவிடும்.

இனி அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிராஸ்ஓவருக்கு அனுப்பிய நாணயத்தை கிரேடர் முதலில் பழைய ஸ்லாபை உடைக்காமல், பிளாஸ்டிக் வழியாகத்தான் பார்க்கிறார். நீங்கள் கேட்ட குறைந்தபட்ச கிரேடுக்கு அது தேறும் என்று தோன்றினால்தான் ஸ்லாபை உடைப்பார்கள். தோன்றவில்லை என்றால் போனபடியே திரும்பி வரும். இதனால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, கூடவே ஒரு பாதகமும் இருக்கிறது. நாணயத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும் உள்வளையம் ஓரத்தை மறைக்கும். ஸ்லாபின் மேல் இருக்கும் கீறல் நாணயத்தின் மேல் இருப்பது போலத் தெரியும். லேசான பழைய துடைப்பு, மயிரிழை போன்ற கோடுகள் எல்லாம் பிளாஸ்டிக்குக்கு அடியில் சரியாகப் பிடிபடாது. சந்தேகம் வந்தால் கிரேடர் எந்தப் பக்கம் சாய்வார்? தன் நிறுவனத்தின் உத்தரவாதத்தைக் காப்பாற்றும் பக்கம்தான். நாளைக்கு அந்தக் கிரேடு தப்பு என்று ஆனால் பணம் கொடுக்க வேண்டியது அவர்கள் நிறுவனம். ஆகவே கிராஸ்ஓவரில் கை கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம்மால் முடிந்தது, அனுப்பும் முன் ஸ்லாபை நன்றாகத் துடைத்து, மேலே கீறல் அதிகமாக இருந்தால் கார் ஹெட்லைட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் பாலிஷ் கொஞ்சம் போட்டுத் தேய்த்து, அவர் கண்ணுக்கு ஒரு தெளிவான ஜன்னலைக் கொடுப்பதுதான்.

இப்போது நான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்லும் நாணயத்துக்கு வருகிறேன், 1884-எஸ். முப்பத்திரண்டு லட்சம் அடித்தார்கள், அதனால் தேய்ந்த நிலையில் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அடித்ததில் பெரும்பகுதி நேராகப் புழக்கத்துக்குப் போய்விட்டது, 1881-எஸ் மாதிரி மூட்டையில் தூங்கவில்லை. அதனால் ஏ.யூ. 58 (லேசாக மட்டும் தேய்ந்த, கிட்டத்தட்டப் புழங்காத நிலை) வரை வாங்கக்கூடிய விலையில் இருப்பது, எம்.எஸ். என்ற எழுத்து விழுந்த உடனே பல மடங்கு தாவிவிடும். 58க்கும் 61க்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் நூலிழை அளவு, விலையில் மலை அளவு. அந்த நூலிழையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், இதை எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, பழைய மாதிரி குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். எல்.இ.டி.யோ டியூப்லைட்டோ வேண்டாம். ஸ்லாபை விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்றினால், கார்ட்வீல் என்று சொல்கிற அந்த ஒளிப்பட்டை நாணயத்தின் மேல் வட்டமாகச் சுற்றி வரும். முன்பக்கத்தில் இருக்கிற லிபர்ட்டி என்ற பெண்ணின் கன்னம், காதுக்கு மேலே இருக்கிற முடி, பின்பக்கம் கழுகின் மார்பு, இந்த மூன்று இடங்களிலும் அது எப்படிக் கடக்கிறது என்று பாருங்கள். தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் மேற்பரப்பு அப்படியே இருக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஒளி அறுந்து, சாம்பல் பூத்தது போல மங்கலாக ஒரு திட்டு தெரிந்தால் அது தேய்மானம். அச்சு பலமாக விழாததாலும் காதுக்கு மேல் முடி தட்டையாக இருக்கலாம், ஆனால் அப்போது தட்டையாக இருந்தாலும் மினுக்கம் இருக்கும், நிறம் மாறியிருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் யாரும் 1884-எஸ்ஸை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம்.

ஒருவரிடம் ஒரு நிறுவனத்தின் ஸ்லாபில் எம்.எஸ். 61 என்று போட்ட 1884-எஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற நினைக்கிறார். குறைந்தபட்ச கிரேடு என்ற இடத்தில் '61' என்று எழுதினால், அந்தப் பக்கத்து கிரேடருக்கு இது 58 என்று தோன்றும் பட்சத்தில் ஸ்லாபை உடைக்கவே மாட்டார்கள். இவர் கட்டணத்தை இழப்பார், நாணயம் பத்திரமாக 61 ஆகவே வீட்டுக்கு வரும். அதே இடத்தில் 'எந்தக் கிரேடானாலும் சரி' என்று எழுதியிருந்தால்? ஸ்லாப் உடையும், 58 என்று புது லேபிள் வரும், பழைய நிறுவனம் 61க்குக் கொடுத்த உத்தரவாதமும் அதோடு போய்விடும். ஒரே ஒரு சொல்லில் ஆயிரக்கணக்கான டாலர். அதனால்தான் அந்தக் கட்டத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தன் கிரேடில் மேல்பகுதியில் இருப்பதற்காக எண்ணோடு பிளஸ் வாங்கிய நாணயங்களிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். 64+ என்று இருப்பதை வெறும் 64 போதும் என்று எழுதி அனுப்பினால் வெறும் 64 வந்து சேரும், அதன் பிறகு பிளஸ் எங்கே என்று கேட்க முடியாது. அப்புறம் என்.ஜி.சி. கொடுக்கிற நட்சத்திரம். பார்வைக்கு அசாதாரண அழகாக இருக்கிற நாணயத்துக்கு எண்ணோடு சேர்த்து ஒரு நட்சத்திரமும் போடுவார்கள், ஓரத்தில் வானவில் நிறம் ஏறிய மோர்கன்களில் அடிக்கடி பார்க்கலாம். பி.சி.ஜி.எஸ்.ஸில் அப்படி ஒரு குறியே கிடையாது. மாற்றினால் நட்சத்திரம் போய்விடும். அந்த நிறத்துக்காகவே வாங்க வருகிறவர் நட்சத்திரத்தைத்தான் தேடுவார், அதைப் போய் நாமே அழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று, ஒரே பெயருக்கு இரண்டு நிறுவனங்களும் ஒரே அளவுகோல் வைத்திருப்பதில்லை. 1948 முதல் 1963 வரை அடித்த ஃபிராங்க்ளின் அரை டாலரின் பின்பக்கத்தில் சுதந்திர மணி இருக்கிறதல்லவா, அதன் அடிப்பகுதியில் குறுக்கே ஓடும் கோடுகள் முழுசாக விழுந்திருந்தால் 'ஃபுல் பெல் லைன்ஸ்' என்று சேர்த்து எழுதுவார்கள், விலையும் ஏறும். பி.சி.ஜி.எஸ். கீழே இருக்கிற கோட்டுத் தொகுப்பு முழுசாக இருந்தால் போதும் என்கிறது. என்.ஜி.சி. மேலே இருப்பதும் சேர்ந்தே முழுசாக இருக்க வேண்டும் என்கிறது. ஆக என்.ஜி.சி.யின் முழு மணி நாணயம் பி.சி.ஜி.எஸ்.ஸுக்குப் போனால் கோடுகளைப் பொறுத்தவரை கவலையில்லை, பி.சி.ஜி.எஸ்.ஸில் இருந்து என்.ஜி.சி.க்கு வருவதுதான் சிரமம். ஜெஃபர்சன் நிக்கலில் மான்டிசெல்லோ மாளிகையின் படிகளும் இப்படித்தான். என்.ஜி.சி. ஐந்து படி, ஆறு படி என்று தனித்தனியாக எழுதும், பி.சி.ஜி.எஸ். ஐந்து படியிலிருந்து மேலே எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடும். ஆறு படி நாணயத்தை மாற்றினால் அந்த ஆறு என்ற தகவல் லேபிளில் இருந்து போய்விடும். எதற்கு?

பழைய ஸ்லாபுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஈடுகட்ட முடியாத இழப்பு நடக்கிறது. பி.சி.ஜி.எஸ். ஆரம்பத்தில் 1986 முதல் 1989 வரை பயன்படுத்திய ஸ்லாபில் நாணயம் உள்ளே லொட லொடவென்று ஆடும், ராட்லர் என்பார்கள். அதற்குப் பிறகு 1998 வரை வந்தது பச்சை லேபிள். அந்தக் காலத்தில் கிரேடு கொஞ்சம் கறாராகக் கொடுத்தார்கள் என்ற நம்பிக்கை சந்தையில் இருப்பதால், இந்த ஸ்லாபுகளுக்கே தனி விலை. என்.ஜி.சி. 1987இல் வெளியிட்ட முதல் கறுப்பு ஸ்லாப் இப்போது மிக அபூர்வம், உள்ளே இருக்கிற நாணயம் சாதாரணமாக இருந்தாலும் அந்தப் பிளாஸ்டிக்குக்காகவே போட்டி போட்டு வாங்குகிறார்கள். எங்கள் பகுதி நாணயக் கண்காட்சியில் ஒருவர் ஒரு ராட்லரைக் கையில் வைத்துக்கொண்டு, இதை மாற்றினால் ஒரு எண் கூடுமா என்று கேட்டார். அதில் சி.ஏ.சி.யின் தங்க ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தது. தங்க ஸ்டிக்கர் என்றால் லேபிளில் இருக்கிற கிரேடை விட நாணயம் மேல் என்று சி.ஏ.சி. சொல்வதாக அர்த்தம். ஐயா, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். ஒரு எண் கூடினாலும் ராட்லரும் போகும், ஸ்டிக்கரும் போகும், அந்த ஜோடியாக அது பெறும் விலையைப் புது ஸ்லாப் கொடுக்குமா என்பது பெரிய சந்தேகம். நல்லவேளை, கேட்டுக்கொண்டார்.

ஸ்லாப் மாற்றுவதற்குப் பதிலாக சி.ஏ.சி. ஸ்டிக்கருக்கு அனுப்புவது பல நேரங்களில் புத்திசாலித்தனம். இருக்கிற கிரேடுக்கு நாணயம் உறுதியாக நிற்கிறது என்றால் பச்சை ஸ்டிக்கர் கிடைக்கும், ஸ்லாபை யாரும் உடைக்க மாட்டார்கள், விற்கும்போது பலன் தெரியும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டு நிறுவனங்களின் ஸ்லாபுகளுக்கு மட்டும்தான் ஒட்டுவார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஸ்லாபை உடைத்து, ஸ்லாப் இல்லாத நாணயமாக அனுப்புகிற வழியும் இருக்கிறது, கிராக் அவுட் என்பார்கள். துண்டில் சுற்றி ஓரத்தைக் கட்டிங் பிளேயரால் நெரித்து உடைப்பார்கள். இதில் கிரேடருக்குப் பழைய எண் தெரியாது, பிளாஸ்டிக்கும் குறுக்கே நிற்காது, ஆகவே மேலே போக வாய்ப்பு கூட. கீழே போகவும் அதே அளவு வாய்ப்பு கூட. போன முறை யாரும் கவனிக்காத பழைய துடைப்பு இந்த முறை கண்ணில் பட்டால் எண்ணே இல்லாமல் 'துடைக்கப்பட்டது' என்ற குறிப்போடு வரும்.  பேர் தெரியாத சிறு கம்பெனிகளின் ஸ்லாபில் இருப்பவற்றுக்கு இது சரி, அந்த எண்ணை யாரும் மதிக்கப்போவதில்லை, இழக்க ஒன்றும் இல்லை. நல்ல நிறுவனத்தின் ஸ்லாபை உடைப்பது என்றால், கிரேடிங்கில் நல்ல கண் இருப்பவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. உடைத்தால் பழைய லேபிளைத் தூக்கி எறியாமல் அந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே நாணயம் அவர்கள் கணக்கிலும் இருக்கும், இவர்கள் கணக்கிலும் இருக்கும். 1884-எஸ் மாதிரி ஒரு கிரேடு கூடினாலே விலை எகிறும் நாணயங்களைத் திரும்பத் திரும்ப உடைத்து அனுப்புகிறார்கள். எந்தக் கிரேடில் எத்தனை நாணயம் என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் காட்டுவதை விட உண்மையில் கம்மியாக இருக்கலாம் என்று நாம் சந்தேகப்பட வேண்டியிருப்பது இதனால்தான். இது எல்லோருக்கும் பொதுவான பட்டியல், அதைச் சுத்தமாக வைத்திருப்பது நம் பொறுப்பு.

தபால் விஷயத்தில் நான் சுருக்கமாகவே சொல்வேன். அமெரிக்காவுக்குள் அனுப்ப ரெஜிஸ்டர்ட் மெயில்தான். மெதுவாகப் போகும், ஆனால் கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து உண்டு, 50,000 டாலர் வரை இன்சூரன்ஸ் போடலாம். பளபளக்கிற பிளாஸ்டிக் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு போனால் தபால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். டேப் ஒட்டிய இணைப்புகளின் மேல் எல்லாம் முத்திரை குத்துவார்கள், மை பிடிக்க வேண்டும், அதற்குப் பழுப்புக் காகித டேப் வேண்டும். ஸ்லாபுகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் தனித்தனியாகச் சுற்றி, பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வராதபடி அடைத்துவிடுங்கள். அனுப்பும் முன் லேபிளில் இருக்கிற சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் உங்கள் கையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள் இப்போது.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் ஆன நாணயம் தொல்பொருள், தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. ஸ்லாபில் இருந்தாலும் அதே சட்டம்தான். 1862 விக்டோரியா ரூபாயாகட்டும், மன்னரின் அங்கியில் இருக்கிற யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று கூச்சல் எழுந்து திரும்பப் பெற்றார்களே அந்த 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயாகட்டும், 1808 மதராஸ் மாகாணத்துக் கோபுரம் போட்ட அரை வராகனாகட்டும், கிராஸ்ஓவருக்கு என்று அமெரிக்காவுக்கு அனுப்ப வழியில்லை. யாராவது ஏஜென்ட், நான் பார்த்துக்கொள்கிறேன் கொடுங்கள் என்று சொன்னால் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் நாணயமும் போகும், வழக்கும் வரும்.

1939 ரூபாய் நூறு வருடக் கணக்குக்குள் இன்னும் வரவில்லை, 2039 வரைக்கும் அந்தத் தடை இல்லை. பழைய தரமான வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய் அது, 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது, 1939 தேதியும் அபூர்வம், அதனால் போலிகளும் உண்டு. சென்னையில் இருக்கிற ஒரு நண்பர் தன்னிடம் என்.ஜி.சி. ஸ்லாபில் இருக்கிற 1939ஐ பி.சி.ஜி.எஸ்.ஸுக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று பதில் போட்டேன். அந்த நாணயத்தை வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அது அசலா என்பதைத்தான், அதற்கு இருக்கிற ஸ்லாபே போதும். கடல் தாண்டி, சுங்கம் தாண்டி, போகவும் வரவும் இன்சூரன்ஸ் கட்டி, கடைசியில் கிடைப்பது வேறு நிறத்தில் ஒரு லேபிள். அந்தப் பணத்தில் நல்ல 1938 ஒன்று வாங்கி அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறார்.